ஐ போட்ட இசக்கி

தாராவி,
12 ஜனவரி 2025

புனே மாநகரத்துக் கம்ப்யூட்டர்களை அடக்கி ஆளும் என் குலக்கொழுந்து மாரீஸ்வரிக்கு, தொண்ணூறடி ரோட்டின் முடிசூடாத மன்னனும் உன் பெரியப்பனுமான பூலோகம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் பெரியம்மா விஜயராணியும் நலம். அவளுடைய முழங்கால் வலியும் என்னுடைய கோபமும் தவிர வீட்டில் வேறு நோய் இல்லை. உன் நலம் அறிய ஆவல்.

இந்தக் கடிதத்தில் இருப்பதை ஒருவரும் நம்பப் போவதில்லை. இசக்கியம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், நீயும் நம்பமாட்டாய். நானே கண்ணால் பார்த்திருக்காவிட்டால் என்னைப் பொய்யன் என்று சொல்லி என் கடையைவிட்டே துரத்தியிருப்பேன்.

பையைத் திருடினால் வேறு பை தைத்துக்கொள்ளலாம். ஏட்டி, என்னையே திருடிவிட்டார்கள்!

வியாழக்கிழமை மாட்டுங்கா பாகீரதி மாமி கடைக்குள் புயல் மாதிரி வந்தாள். கையில் ஒரு பார்சல். “என்னய்யா பூலோகம், பெரிய மனுஷன்னு நம்பினேனே! எங்காத்துக்காரர் அணுசக்தி நகர்ல அவ்வளவு வருஷம் உழைச்சு ரிட்டயர் ஆறார். அவருக்குத் தோல்பை கேட்டா ஒத்தைச் செருப்பை அனுப்பியிருக்கீரே! அதுவும் இடது கால்!”

“மாமி, நான் அனுப்பலை.”

“பின்ன உம்ம மீசை அனுப்பித்தா?” என்று போனை என் மூக்கில் இடித்தாள். பார்த்தேன். நீ இரண்டு வருஷம் முன்னால் கட்டிக்கொடுத்த நம் ‘இசக்கி லெதர்’ வெப்சைட் அப்படியே இருக்கிறது. நம் பைகள், நம் விலை, நடுவில் என் மீசை. பெயரின் வாலில் மட்டும் ஒரு ‘எஸ்’ கூடுதல். இசக்கி லெதர்ஸ்! வேடிக்கை பார்க்கத் தாராவியே திரண்டுவிட்டது, ஒரு லட்சம் பேர் இருக்கும். சரி, டீக்கடை அர்பாஸும் அவன் பாய்லரும்.

அதில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தவன் தேன் ஒழுக, “ஹான் ஜி, பூலோகம் போல் ரஹா ஹூன்” என்றான், பூலோகம்தான் பேசுகிறேன் என்று.

“ஏல, நான்தாம்ல பூலோகம்!”

“ஆப் பூலோகம்? தோ மைன் கௌன்?” என்று என்னிடமே கேட்கிறான், அப்போ நான் யாரு என்று! நான் வைத திருநெல்வேலி வசவில் டவர் உருகியிருக்க வேண்டும். அவன் “தன்யவாத் ஜி” என்று வைத்துவிட்டான். “உங்கள விட மரியாதையாப் பேசுதாம்லா” என்கிறாள் உன் பெரியம்மா.

அந்தப் பயல் என் பெயரில் மெயிலும் அனுப்புகிறானாம். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இனி என் கோணல் கையெழுத்தில் வந்தால் மட்டுமே நான். இதை ஒரு பயலாலும் காப்பியடிக்க முடியாது. உன் பெரியம்மாவாலேயே படிக்க முடியவில்லை.

அவனை ஒழி. உன் அப்பன் நலமா என்று நான் கேட்கவில்லை. கேட்டதாக அவனிடம் சொல்லவும் வேண்டாம்.

உன் (அசல்) பெரியப்பா,
பூலோகம்

*

புனே,
25 ஜனவரி 2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு, மாரீஸ்வரி வணக்கம். நான் நலம். பெரியம்மா முழங்காலுக்கு எண்ணெய் வாங்கி அனுப்பியிருக்கேன், தேய்க்கச் சொல்லுங்க. தமிழ் எழுதி நாளாச்சு, பிழை இருந்தா சிரிக்காதீங்க.

உங்க லெட்டரைப் படிச்சு அவ்வளவு கோபம். அந்தப் போட்டோக்களை நான் எடுத்தேன், பெரியப்பா. ஒவ்வொரு பைக்கும் வெளிச்சம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை பூரா உக்காந்து எடுத்தது.

செய்ய வேண்டியதைச் சொல்றேன். அந்தப் பக்கங்களை நான் போட்டோ பிடிச்சு வச்சுட்டேன், அவன் அழிச்சாலும் சாட்சி இருக்கும். அந்த வெப்சைட் பேரை அவனுக்கு வித்த கம்பெனிக்கும், சைட்டைக் குடிவச்சிருக்கிற கம்பெனிக்கும் புகார் எழுதணும். நீங்க போலீஸ்ல சைபர் பிரிவுக்குப் போகணும். மாமியோட பார்சல், அதுமேல ஒட்டியிருக்கிற சீட்டு எல்லாம் பத்திரமா வைங்க. செருப்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

இன்னொண்ணு. இவன் போனா இன்னொருத்தன் வருவான். நம்ம பேரை எப்படியெல்லாம் தப்பா எழுத முடியுமோ அந்தப் பேரையெல்லாம் நாமளே வாங்கிப் பூட்டி வைக்கிறதுதான் வழி. வீட்ல இதைச் சொல்லிட்டு இருந்தேன். பார்க்கலாம்.

நீங்க கேட்கலைன்னு அப்பாகிட்ட சொல்லலை. நலமா இருக்கார்.

அன்புடன்,
மாரி

*

தாராவி,
10 பிப்ரவரி 2025

கணினிக் காளி மாரீஸ்வரிக்கு, பூலோகச் சக்கரவர்த்தி எழுதுவது. நலம். எண்ணெய் வந்தது. பெரியம்மா தேய்த்துக்கொண்டு இப்போது என்னைத் துரத்தும் வேகத்துக்கு வந்துவிட்டாள்.

செருப்பு கல்லாப்பெட்டிக்கு மேலே கண்ணாடிப் பெட்டியில் கொலுவிருக்கிறது. பாகீரதி மாமிக்கு நானே ஒரு பை தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “இது நீர்தானா?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. இத்தனை வருஷம் இந்த ரோட்டில் உட்கார்ந்து சம்பாதித்தது அந்தப் பெயர் ஒன்றுதான். இனி ஒவ்வொருத்தரும் என் மூஞ்சியைப் பார்த்து, நீர்தானா, நீர்தானா என்பார்கள். அந்தப் பயல் கையில் கிடைத்தால் உரித்து, பதனிட்டு, பட்டன் வைத்த பர்ஸாகத் தைத்து அர்பாஸுக்குச் சும்மா கொடுப்பேன்.

தப்பாக எழுதக்கூடிய பெயர் என்றாயே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. இசக்கியை இங்கிலீஷில் ஈ போட்டு எழுதுவது நம் சீமை வழக்கம். ரேஷன் கார்டில் ஈ, பாஸ்போர்ட்டில் ஈ, கல்யாணப் பத்திரிகையில் ஈ. நானும் கடை போர்டில் ஈ போட்டேன். திறப்பு விழா அன்று, சாம்பிராணி புகைந்துகொண்டிருக்கும்போது, வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் உன் அப்பன் என்ன சொன்னான் தெரியுமா?

“அண்ணே, ஐ போடணும்ணே. பேர்லயே ஈய உக்கார வச்சா காலம்பூரா கடைல ஈ ஓட்டிக்கிட்டுதான் இருக்கணும்.”

சபை சிரித்தது. “ஏல வேல்ராசு, ஈ ஓட்டுறவனுக்குத் தம்பியா இருக்க வெக்கமா இருந்தா போல” என்றேன். போனான். பாலம் தாண்டி நவி மும்பைச் சான்பாடா வரைக்கும் போய்விட்டான்.

அன்றிலிருந்து எந்தப் பெயரின் தலையிலும் அந்த ஐயை என் கை எழுதியதில்லை. வெளிநாட்டுப் பார்சலில் இந்தியா என்று எழுத வேண்டிவந்தால் அதற்கும் ஈதான் போடுகிறேன். இந்தியாவும் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
நானேதான்

*

புனே,
28 பிப்ரவரி 2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு வணக்கம். இங்க நலம். அங்க வெயில் ஆரம்பிச்சிருக்கும், மதியம் சைக்கிள்ல சுத்தாதீங்க.

நல்ல சேதி, ‘எஸ்’ போட்டவனை மூடிட்டாங்க! கெட்ட சேதி, போன வாரம் அதே ஆள் வேற வால் வச்சுத் திரும்ப வந்துட்டான். நம்ம பேர், நம்ம பை, உங்க மீசை. ஆபீஸ்ல உக்காந்து கத்திட்டேன், எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. மறுபடி புகார் எழுதிட்டேன். எத்தனை தலை முளைச்சாலும் வெட்டுவேன்.

ஐ போட்டது, ஒரு ‘கே’ விட்டது, ரெண்டு ‘எஸ்’ வச்சது, இதெல்லாம் ஏற்கனவே ஒருத்தர் வாங்கிட்டார். அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. என்னை நம்பி ஒரே ஒரு தடவை, போன்ல ஐ போட்டு அடிச்சுப் பாருங்களேன்.

மாரி

*

தாராவி,
9 மார்ச் 2025

மாரீஸ்வரிக்கு. நலம்.

யார் அந்த ஒருத்தர்? என் பெயரை வாங்க அவனுக்கு யார் உரிமை கொடுத்தது? கவலைப்படாதே என்கிறாய்! வீட்டுக்கதவுக்குச் சாவி செய்துவைத்திருக்கிறான் ஒருவன், அவன் நல்லவன், படுத்துத் தூங்குங்கள் என்பது போல இருக்கிறது.

ஐ போட்டு அடிப்பதா? இந்த விரலை வெட்டி மிட்டி நதியில் எறிவேனே தவிர அடிக்கமாட்டேன்.

எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் இசக்கிக்கு ஐதான் என்று அலைகிற ஜென்மம் ஒன்றே ஒன்று உண்டு. அன்றைக்கு வாயால் செய்ததை இன்றைக்குக் கம்ப்யூட்டரில் செய்கிறான். மீசையைத் திருடினவன் யாரோ ஒருவனாகவே இருக்கட்டும், பெயரைத் திருடினவன் என் கூடப் பிறந்தவனோ என்று என் வயிறு எரிகிறது. திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போகிறேன். எல்லாப் பெயரையும் எழுதிக் கொடுப்பேன். ஐ போட்டது முதல் பெயர்.

பூலோகம்

*

புனே,
20 மார்ச் 2025

பெரியப்பா,

உங்க லெட்டர் இன்னிக்குத்தான் வந்தது, நீங்க போனை எடுக்க மாட்டேங்குறீங்க. இது கையில கிடைச்சதும் எனக்குக் கூப்பிடுங்க. இன்னும் ஸ்டேஷனுக்குப் போகலைன்னா, வால் வச்சவனை மட்டும் எழுதிக் கொடுங்க. ஐ போட்டதை எழுதாதீங்க. ப்ளீஸ். ஏன்னு கேட்காதீங்க, சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டாங்க. அடிச்சுப் பாருங்க, போதும்.

பெரியம்மாவை விசாரிச்சதாச் சொல்லுங்க.

மாரி

*

புனே,
14 ஏப்ரல் 2025

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் புத்தாண்டு வாழ்த்து.

போன லெட்டருக்குப் பதில் இல்லை. இப்ப பதில் வேண்டாம், எனக்கே தெரிஞ்சுபோச்சு. நேத்து அப்பாவுக்கு ஸ்டேஷன்ல இருந்து போன் வந்தது. அதுக்கு முன்னாடி ஒரு கான்ஸ்டபிள், ஐ போட்ட பேரை வாங்கினது யாருன்னு தேடி, சான்பாடா வீட்டுக்கே வந்து விசாரிச்சிருக்கார். பில்டிங்ல எல்லாரும் பால்கனியில நின்னு பார்த்திருக்காங்க. அப்பா அந்தக் குடியிருப்பு சொசைட்டிக்குச் செக்ரட்டரி, உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. நீங்கதான் கேட்கவே மாட்டீங்களே.

நான் இனி ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

மாரீஸ்வரி

*

சான்பாடா,
22 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலம் மாரி சொல்லித் தெரியும்.

மே ஐந்தாம் தேதி ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வருகிறேன். அங்கே வைத்து என்னிடம் பேச வேண்டாம். பேசுவதாக இருந்தால் இத்தனை வருஷத்தில் பேசியிருக்கலாம்.

வேல்ராஜ்

*

தாராவி,
18 மே 2025

மாரீஸ்வரிக்கு.

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தெரியாததும் எனக்குக் கோபமாக இருக்கிறது. இங்கே யாரும் நலமில்லை. பெரியம்மா என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் பேசுகிறது, அது விழுகிற சத்தத்தில்.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு மராட்டிப் பெண். உன் வயசுதான் இருக்கும். மேஜைக்கு இந்தப் பக்கம் நான், கண்ணாடிப் பெட்டியோடு. அந்தப் பக்கம் உன் அப்பன். தலை நரைத்துவிட்டது அவனுக்கு. நீ சொல்லவே இல்லையே?

அந்தப் பெண் என்னைச் சித்தப்பா முறை வைத்துக் கேட்டாள், “காகா, இந்தப் பெயரை நீங்க திறந்து பார்த்தீங்களா?” திறக்கமாட்டேன், அது என் சபதம் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். பிறகு தன் கம்ப்யூட்டரில் ஐ போட்டு அடித்து, திரையை என் பக்கம் திருப்பினாள்.

என் மீசை.

“பார்த்தீங்களாம்மா, திருடிட்டான்!” என்று எழுந்துவிட்டேன். அவள் திரையின் உச்சியில் விரல் வைத்துக் காட்டினாள். ஐ போட்டு அடித்தது ஐயாக நிற்கவில்லை. அதுவாக ஈயாக மாறி, நம் அசல் கடையில் வந்து நின்றது. “ஹே தர் தும்சஞ்ச் துகான் ஆஹே, காகா” என்றாள், இது உங்க கடையேதானே என்று. ‘கே’ விட்டதை அடித்தாள், நம் கடை. ரெண்டு ‘எஸ்’ அடித்தாள், நம் கடை. எப்படித் தப்பாக எழுதினாலும் எல்லா ரோடும் என் வாசலில்தான் வந்து முடிகிறது.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவனைக் கேட்டாள். அவன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து ஹிந்தியில் சொன்னான்: “தப்பா எழுதி வர்றவங்க தப்பான கடைக்குப் போயிடக்கூடாது, மேடம். எங்க ஊர்க்காரங்க பாதிப் பேர் ஈ போடுவாங்க, பாதிப் பேர் ஐ போடுவாங்க.”

“உங்க அண்ணன்கிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“ஐ போட்டதுன்னா வேண்டாம்பாரு.”

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு, “கடைக்கு ஆள் அனுப்புறவரைத் திருடன்னு எழுதிக் கொடுத்த முதல் கடைக்காரர் நீங்கதான்” என்றாள். வால் வைத்தவன் மேல் உள்ள புகாரை மட்டும் எடுத்துக்கொண்டாள். வெளியே வந்து திரும்பினால் அவன் பஸ் ஏறிவிட்டான்.

யாரைக் கேட்டுச் செய்தான் இதை? என்னைக் கேட்டானா? ஒரு வார்த்தை சொன்னானா? என்னைத் திருடின பயலிடம் எனக்கு ஒரு நாள் கோபம். இவனிடம் என் கோபம் ஏழு கடலுக்கும் காணும். உன்னிடமும்தான். எல்லாம் தெரிந்த நீ, அடிச்சுப் பாருங்க, அடிச்சுப் பாருங்க என்று பூச்சாண்டி காட்டினாய். ஒரு தடவை காதைப் பிடித்துத் திருகிச் சொல்லியிருக்கக் கூடாதா?

பூலோகம்

*

புனே,
3 ஜூன் 2025

பெரியப்பா,

காதைப் பிடிச்சுத் திருகணுமா? இப்பத் திருகுறேன்.

உங்களுக்கு சினிமா வசனம் மாதிரி எழுத வருது. ஏழு கடல், சக்கரவர்த்தி, மிட்டி நதி. பத்துப் பக்கத்துல எங்கேயாவது “தப்பு” அப்படின்னு ஒரு வார்த்தை இருக்கா? தேடிப் பார்த்தேன். மூணு இடத்துல இருக்கு. மூணும் எழுத்துப்பிழையைப் பத்தி.

அப்பா செக்ரட்டரி வேலையை விட்டுட்டார். லிஃப்ட்ல யாரும் இல்லாதப்போதான் கீழ இறங்குறார். நேத்து என்கிட்ட, “அந்தப் பேரையெல்லாம் விட்டுரு மாரி, அவருக்கு வேண்டாம்னா நமக்கு எதுக்கு” அப்படின்னார். வாங்கினது அப்பான்னாலும் பார்த்துக்கிறது நான். நான் விட்டா என்ன ஆகும் தெரியுமா? அடுத்த நாளே அந்த வால் வச்சவன் வாங்குவான். அப்புறம் ஐ போட்டு வர்ற ஊர்க்காரங்க அத்தனை பேர் கைக்கும் இடது கால் செருப்புதான் போகும்.

நான் ஜூலை பத்து வரைக்கும் விடாம வச்சிருப்பேன். அதுக்கு மேல அப்பா பேச்சைத்தான் கேட்பேன். லெட்டர் எழுதாதீங்க. சான்பாடாவுக்கு பஸ் இருக்கு.

மாரீஸ்வரி

*

தாராவி,
8 ஜூலை 2025

காதைத் திருகிய கண்மணி மாரீஸ்வரிக்கு, பெரியப்பன் எழுதுவது. நலம். மழை பிடித்துக் கொட்டுகிறது. பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர், அதில் மீன் பிடித்துத்தான் நேற்று குழம்பு. பெரியம்மா பேச ஆரம்பித்துவிட்டாள். பேசாமலிருந்ததே தேவலை.

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சான்பாடா மேல் படையெடுத்தேன். பின்னால் இருநூறு பேர், பேண்ட் வாத்தியம், முன்னால் வாடகை யானை. வாஷி பாலத்தில் போக்குவரத்து நின்றது. கான்ஸ்டபிள் வந்த அதே பில்டிங் முன்னால் நின்று, ஒலிபெருக்கியில், எல்லா பால்கனிக்கும் கேட்க முழங்கினேன்: “இந்த வீட்டில் இருப்பவன் திருடன் அல்ல! என் கடைக்குக் காவல் நின்றவன்! அவனைத் திருடன் என்று எழுதிக் கொடுத்த மடையன் நான்!” மூன்றாவது மாடியில் ஒரு குஜராத்தி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உன் அப்பன் கழுத்தைப் பிடித்து, யாரைக் கேட்டுடா எனக்கு நல்லது செய்தாய் என்று உலுக்கினேன். அவனும் உலுக்கினான். யானை மயங்கி விழுந்தது.

கடை போர்டில் ஈதான் இருக்கும், அதில் மாற்றமில்லை. அவன் சொன்னதற்காக இந்த வயசில் போர்டை மாற்றினால் எனக்கு என்ன மரியாதை? ஆனால் நீ வைத்திருக்கும் பெயர்களை விடாதே. இந்தச் சேதி வாங்கினவன் வாயாலேயே இதற்குள் உனக்கு வந்து சேர்ந்திருக்கும்.

யானை பொய். இருநூறு பேரும் பொய், பேண்ட் பொய். ஒலிபெருக்கியும் பொய்தான். மீன் குழம்பு கடையில் வாங்கியது. நான் தனியாக, நனைந்துகொண்டு, ஒரு தோல்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மணியை அடித்தேன்.

“யாரு?” என்றான் உள்ளேயிருந்து.

பூலோகம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெயரைத்தான் எவன் எவனோ சொல்லிக்கொண்டு திரிகிறானே. “இசக்கி லெதர்” என்றேன்.

கொழுப்பெடுத்தவன், கதவைத் திறக்காமலே கேட்டான். “எந்த இசக்கி லெதர்?”

எதிர்வீட்டுக் கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகவே சொன்னேன்.

“ஐ போட்ட இசக்கிடா, வேல்ராசு.”

அது மட்டும் நிஜம்.

பூலோகம்